ஆணி இல்லாமல் நிற்கும் ஸ்டூல்: ரவுட்டரில் துளையும் நாக்கும் போடுவது எப்படி?



தையல், ஊறுகாய், பினாயில் என்று பல தொழில்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இந்த இதழில் மரவேலைப் பாடம். "மரவேலையா? அது ஆம்பளைங்க வேலையாச்சே!" என்று யாராவது சொன்னால், பொறுமையாக இதை முழுசும் வாசித்துக் காட்டுங்கள். இந்த வேலைக்கு முரட்டுப் பலம் தேவையில்லை. நிதானமான கை, சரியான அளவு, பொறுமை இந்த மூன்றும் போதும். மூன்றும் நம்மிடம் தாராளமாகவே இருக்கிறது.

ஸ்டூல், பெஞ்சு, மேசை என்று மரச்சாமானுக்கு கிராமத்திலும் தேவை உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாம் விற்கும் ஸ்டூலில் ஒரு பாட்டி உட்காருவார், ஒரு குழந்தை ஏறி நிற்கும். அது ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டு உடைந்தால் அடிபடுவது அவர்களுக்கு. கெட்டுப்போவது நம் குழுவின் பேர். ஆகவே சாமான் எவ்வளவு அழகு என்பதைவிட, அதன் பொருத்து எவ்வளவு உறுதி என்பதுதான் முதல் கேள்வி.

ஆணி அடிச்சா போதாதா?

போதாது. காரணம் இருக்கிறது. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். ஆணி உப்பாது, சுருங்காது. அதனால் வருஷத்துக்கு வருஷம் ஆணியைச் சுற்றி உள்ள ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். அதிலும் சட்டத்தின் முனைப் பக்கம் ஆணி ஏறினால் அங்கே பிடிப்பு ரொம்பக் குறைவு. ஸ்டூலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசையும்போது அந்த ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும்.

நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் பழைய கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். காலில் துளை இருக்கும். சட்டத்தின் முனையை மெலிதாக்கி அந்தத் துளைக்குள் சொருகியிருப்பார்கள். வாசல் நிலையும் அப்படித்தான். காலில் இருப்பது துளை, சட்டத்தின் முனையில் இருப்பது நாக்கு. பட்டறையில் இதை மார்ட்டிஸ், டெனான் என்றும் சொல்வார்கள். இது மிகப் பழைய முறை. ஜெர்மனி நாட்டில் சுமார் 7000 வருஷத்துக்கு முன் தோண்டிய கிணறுகளுக்குள் இறக்கிய மரச்சட்டங்களில்கூட இந்தப் பொருத்து இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரும்பே இல்லாத காலம் அது.

இந்தப் பொருத்தில் பாரத்தைத் தாங்குவது நாக்கு. பசை அதைப் பிடித்து வைக்கிறது. நாக்கு துளைக்குள் சரியாக உட்கார்ந்தால் ஸ்டூல் பல வருஷம் நிற்கும். லொடலொடவென்று இருந்தால் எவ்வளவு பசை ஊற்றினாலும் பிரயோசனம் இல்லை. இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ரவுட்டர் என்றால் என்ன?

இன்டர்நெட் பெட்டிக்கும் ரவுட்டர் என்று பேர் இருக்கிறது. ஆகவே கடையில் "மரவேலை ரவுட்டர்" என்று கேளுங்கள். இது இரண்டு கைப்பிடி உள்ள கரண்டு மிஷின். கீழே ஒரு பிட் மாட்டியிருக்கும். அது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் சுற்று வரை சுற்றி மரத்தைக் குடையும்.

துளை போட, அழுத்தினால் இறங்கி விட்டால் மேலே வரும் பிளஞ்ச் வகை ரவுட்டர்தான் வேண்டும். கூடவே தேவையானவை: அடியிலும் வெட்டு முனை உள்ள 8 மி.மீ. நேர் பிட், ரவுட்டரோடு மாட்டும் சைடு கைடு, குறைந்தது நான்கு கிளாம்ப், மூலைமட்டம், கைரம்பம், 6 அல்லது 8 மி.மீ. உளி, கொட்டாப்புளி, அரம், கூர்மையான பென்சில். பிட் வாங்கும்போது அதன் வெட்டும் நீளம் 25 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். மிஷினின் காலெட் என்ன அளவோ, பிட்டின் தண்டும் அதே அளவாக இருக்க வேண்டும்.

மிஷினைத் தொடும் முன்

- முந்தானையை இழுத்துச் செருகுங்கள். மேலே ஒரு சட்டை அல்லது கோட்டு போட்டுக்கொள்வது நல்லது. சுடிதார் என்றால் துப்பட்டா வேண்டாம்.
- பின்னலைக் கொண்டையாகப் போட்டுத் துணி கட்டுங்கள். வளையலைக் கழற்றுங்கள். தாலிச் சரடு, சங்கிலி ரவிக்கைக்கு உள்ளே போகட்டும்.
- கையுறை போடாதீர்கள். சுற்றும் பிட் கையுறையைப் பிடித்து இழுத்தால் விரலும் சேர்ந்து போகும்.
- கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், மூக்குக்கு முகமூடி மூன்றும் கட்டாயம். மரத்தூள் சும்மா தூசி இல்லை. பல வருஷம் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லியிருக்கிறது.
- பிட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண் எதிரே வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.
- பிட்டைக் காலெட்டுக்குள் முழுசாக இறக்கி, பிறகு 2 மி.மீ. மேலே இழுத்து, ஸ்பேனரால் இறுக்குங்கள். நுனியில் மட்டும் பிடித்திருந்தால் பிட் தெறிக்கும்.
- எர்த் உள்ள மூன்று முனைப் பிளக், கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்சு இரண்டும் இருக்கட்டும். ஈரத் தரையில் வேலை வேண்டாம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

அளவு: முதலில் பேப்பரில், பிறகு மரத்தில்

பாடத்துக்கு ஒரு சின்ன ஸ்டூலை எடுத்துக்கொள்வோம். உயரம் 450 மி.மீ. வெளி அகலம் நாலு பக்கமும் 350 மி.மீ. கால் 45 க்கு 45 மி.மீ. சட்டம் 60 மி.மீ. அகலம், 24 மி.மீ. கனம். வேம்பு, வாகை போல நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சை மரத்தில் இன்று இறுக்கமாக உட்காரும் நாக்கு, காய்ந்த பிறகு கழன்றுவிடும்.

நாக்கின் கனம்: சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 24 ஐ மூன்றால் வகுத்தால் 8 மி.மீ. ஆகவே 8 மி.மீ. பிட்.

நாக்கின் நீளம்: 23 மி.மீ. துளையின் ஆழம் 25 மி.மீ. அந்த 2 மி.மீ. இடைவெளி பசை தங்குவதற்கு. இடைவெளி இல்லாவிட்டால் அடியில் பசை அடைத்துக்கொண்டு நாக்கு முழுசாக உள்ளே போகாது.

நாக்கின் அகலம்: 40 மி.மீ. சட்டத்தின் 60 மி.மீ. அகலத்தில் மேலே 12, கீழே 8 வெட்டி எடுத்துவிடுவோம்.

துளையின் இடம்: காலின் வெளிமுகத்திலிருந்து 8 மி.மீ. தள்ளி. இதற்கும் காரணம் உண்டு. ஒரே காலில் இரண்டு பக்கம் துளை வருகிறது. நடுமத்தியில் போட்டால் இரண்டு துளையும் உள்ளே ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும், நாக்கு இறங்காது. வெளிமுகத்தை ஒட்டிப் போட்டால் இரண்டுக்கும் நடுவே 4 மி.மீ. மரம் மிஞ்சும். சட்டமும் காலும் வெளியே சமமாக, பார்க்க அழகாக இருக்கும்.

சட்டத்தின் நீளம்: இங்கேதான் நிறைய மரம் வீணாகிறது. வெளி அகலம் 350. இரண்டு காலுக்கு 90 கழித்தால் 260. இதோடு நிறுத்தி அறுத்துவிட்டால் நாக்குக்கு மரமே இருக்காது! இரண்டு நாக்குக்கு 46 கூட்டுங்கள். ஆக 306 மி.மீ. ஒருவர் கணக்குப் போடட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். குழுக் கணக்கை இரண்டு பேர் பார்ப்பது போலத்தான் இதுவும்.

கால்களை 450 க்குப் பதிலாக 470 ஆக அறுங்கள். தலையில் மிஞ்சும் 20 மி.மீ., துளை போடும்போது மரம் பிளக்காமல் காக்கும். கடைசியில் அறுத்து விடலாம். நாலு காலையும் ஸ்டூல் நிற்பது போல நிற்க வைத்து, ஒவ்வொன்றிலும் வெளியே தெரியும் இரண்டு முகத்திலும் டிக் போடுங்கள். பிறகு இடது, வலது குழப்பமே வராது.

முதல் வேலை: துளை

எப்போதும் துளையை முதலில் போடுங்கள். துளையின் அகலம் பிட்டின் அகலம்தான், அதை மாற்ற முடியாது. நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிதாக்கலாம். அதனால் துளைக்கு ஏற்ற நாக்கு, மாற்றி இல்லை.

1. தலையில் கூடுதலாக விட்ட 20 மி.மீ.ஐ ஒதுக்கிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 12 மி.மீ. கீழே துளை ஆரம்பம், 52 மி.மீட்டரில் முடிவு. நாலு காலையும் சேர்த்து வைத்து ஒரே தடவையில் மூலைமட்டத்தால் கோடு இழுங்கள்.

2. கால் குறுகலானது. அதன்மேல் மட்டும் ரவுட்டரை வைத்தால் ஆடும். காலின் உள்பக்கமாக, அதே உயரமும் கூடுதல் நீளமும் உள்ள துணைக்கட்டை ஒன்றை ஒட்டி வைத்து, இரண்டையும் மேசையோடு கிளாம்ப் போடுங்கள். கையின் அழுத்தம் துணைக்கட்டைப் பக்கமே இருக்கட்டும்.

3. சைடு கைடு டிக் போட்ட முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். கைடுக்கும் பிட்டுக்கும் நடுவே 8 மி.மீ. வைத்து, முதலில் ஒரு கழிவுத் துண்டில் வெட்டி அளந்து பாருங்கள்.

4. ரவுட்டருக்கு ஒரு குணம் உண்டு. நமக்கு எதிரே தள்ளிக்கொண்டு போகும்போது அது இடது பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். ஆகவே தள்ளும் திசையில் கைடு வலது பக்கம் இருக்கட்டும். மிஷின் இடது பக்கம் இழுக்க இழுக்க, கைடு மரத்தோடு தானே ஒட்டிக்கொள்ளும். கைடை மாற்றி வைத்தால் பிட் கோட்டை விட்டு ஓடிவிடும்.

5. ஒரே மூச்சில் 25 மி.மீ. இறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 3 அல்லது 4 மி.மீ. தான். 4 மி.மீ. வீதம் என்றால் ஏழு தடவை. தள்ளிக்கொண்டு போய்க் கோட்டில் நிறுத்துங்கள், பிட்டை மேலே விடுங்கள், திரும்ப ஆரம்பத்துக்கு வாருங்கள், மறுபடி இறக்குங்கள். அவ்வப்போது தூளைத் துடைத்து விடுங்கள். கருகிய வாசனை வந்தால் பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது நீங்கள் ரொம்ப மெதுவாகத் தள்ளுகிறீர்கள்.

எட்டுத் துளையும் முடிந்ததும் பாருங்கள், முனைகள் வளைவாக இருக்கும். உளியால் அதைச் சதுரமாக்கலாம். அல்லது பிறகு நாக்கின் ஓரத்தை அரத்தால் உருட்டலாம். உருட்டுவது சுலபம், உறுதியும் குறையாது.

இரண்டாம் வேலை: நாக்கு

1. நாலு சட்டத்தையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, முனைகளை ஒரே வரிசையில் சேர்த்து கிளாம்ப் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் அதே கனமுள்ள கழிவுத் துண்டு வைத்தால் கடைசிச் சட்டத்தின் ஓரம் பிய்யாது. முனைக்கு அப்பாலும் அதே கனத்தில் ஒரு கட்டை வைத்தால் ரவுட்டர் சாயாது.

2. முனையிலிருந்து 23 மி.மீட்டரில் எல்லாச் சட்டத்துக்கும் சேர்த்து ஒரே கோடு. இந்தக் கோட்டுக்கு உள்பக்கமாக, நேரான ரீப்பர் ஒன்றைக் குறுக்கே கிளாம்ப் போடுங்கள். ரவுட்டரின் அடித்தட்டு இந்த ரீப்பரை உரசிப் போகும். ரீப்பர் எவ்வளவு தள்ளி? அடித்தட்டின் ஓரத்திலிருந்து பிட்டின் ஓரம் வரை உள்ள தூரம். தட்டு 150 மி.மீ. வட்டம், பிட் 8 மி.மீ. என்றால் 71 மி.மீ. உங்கள் மிஷினில் அளந்து, கழிவுத் துண்டில் சோதித்த பிறகே வையுங்கள்.

3. மிஷின் இடது பக்கம் ஒதுங்கும் என்று பார்த்தோம் அல்லவா? அதே விதி இங்கேயும். ரீப்பர் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி நின்று தள்ளுங்கள். மிஷின் தானே ரீப்பரில் சாய்ந்துகொண்டு போகும்.

4. முனையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ரீப்பர் பக்கம் வாருங்கள். கடைசி வெட்டுதான் ரீப்பரை உரச வேண்டும். ஆழம் ஒவ்வொரு முகத்திலும் 8 மி.மீ. போக வேண்டும். ஆனால் முதலில் ஏழே முக்கால் மி.மீட்டரோடு நிறுத்துங்கள். அதையும் மூன்று தடவையாக.

5. திருப்பிப் போட்டு மறுமுகத்தையும் அதே ஆழத்தில் வெட்டுங்கள். இப்போது நாக்கு எட்டரை மி.மீ. இருக்கும், துளைக்குள் போகாது. ஆழத்தை ஒரு மயிரிழை கூட்டி இரண்டு முகத்தையும் வெட்டிப் பாருங்கள். நினைவிருக்கட்டும்: ஆழத்தை ஒரு பங்கு கூட்டினால் நாக்கு இரண்டு பங்கு மெலியும். அவசரப்பட்டால் நாக்கு ஒல்லியாகி, சட்டமே வீண்.

6. அகலத்தில் மேலே 12, கீழே 8 மி.மீ. கைரம்பத்தால் அறுத்து எடுங்கள். ஓரத்தை அரத்தால் உருட்டுங்கள்.

சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?

பசை போடாமல் சொருகிப் பாருங்கள். கையால் அழுத்தும்போது முக்கால்வாசி போய், கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் மீதி போனால் சரி. சட்டத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால் கால் விழக் கூடாது. தானாக நழுவி விழுந்தால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் இறுக்கம் அதிகம். அப்படி அடித்துச் சேர்த்தால் கால் பிளக்கும், பசையும் வழிந்து போகும்.

தளர்ந்த நாக்கைப் பசையும் மரத்தூளும் வைத்து ஒப்பேற்றாதீர்கள். நாக்கின் பக்கத்தில் மெல்லிய மரச் சீவலை ஒட்டி, காயவிட்டு, மறுபடி அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெளியே யாருக்கும் தெரியாது என்றாலும் உட்காருகிறவருக்கு ஒருநாள் தெரிந்துவிடும்.

ஒரு நாக்குக்கு இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 18 சதுர செ.மீ. பரப்பில் பசை பிடிக்கிறது. துளையின் உள்பக்கத்திலும் நாக்கிலும் மெலிதாகப் பூசுங்கள். முதலில் இரண்டு கால், ஒரு சட்டம் வீதம் இரண்டு பக்கத்தைச் சேர்த்துக் காயவிட்டு, பிறகு மீதி இரண்டு சட்டத்தால் இணையுங்கள். கிளாம்ப் போட்டவுடன் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஸ்டூல் கோணல். பசை காய்வதற்குள் திருத்திவிடலாம். வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். மறுநாள் தலையில் விட்ட 20 மி.மீட்டரை அறுத்துவிடுங்கள்.

மிஷின் வாங்கலாமா?

உடனே கடன் போட்டு வாங்க வேண்டாம். முதலில் பக்கத்துப் பட்டறையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசப் பயிற்சி கிடைக்கிறது. உங்கள் மாவட்டத்தில் மரவேலை வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள். புரிவதற்காக ஒரு உதாரணம்: மிஷின், பிட், கிளாம்ப், கண்ணாடி, முகமூடி எல்லாம் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மரம், பசை, கூலி எல்லாம் போக ஒரு ஸ்டூலுக்கு 150 ரூபாய் மிஞ்சினால், 80 ஸ்டூல் விற்ற பிறகுதான் போட்ட முதல் திரும்பும். அந்த 80 ஸ்டூலுக்கு ஆர்டர் இருக்கிறதா? அதற்குப் பதில் இருந்தால் மட்டும் தீர்மானம் போடுங்கள். கரண்டுச் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 1000 வாட் ரவுட்டர் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினாலும் ஒரு யூனிட்தான். உங்கள் கூலியை மட்டும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். நம் உழைப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டு லாபம் என்று சொல்வது லாபம் இல்லை.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. துளையை ஏன் முதலில் போடுகிறோம்?
2. ஸ்டூலின் வெளி அகலம் 400 மி.மீ., கால் 45 மி.மீ., நாக்கு 23 மி.மீ. என்றால் சட்டம் எவ்வளவு நீளம் அறுக்க வேண்டும்? (விடை: 356 மி.மீ.)
3. சைடு கைடு ஏன் வலது பக்கம் இருக்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் ஸ்டூல், பெஞ்சு வாங்கக்கூடியவர்கள் யார் யார்? பட்டியல் போடுங்கள்.

படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு ஊக்குநர் வாசித்துக் காட்டட்டும். முடிந்தால் ஒரு பழைய கட்டில் சட்டத்தைக் கழற்றி, துளையையும் நாக்கையும் எல்லோரும் கையால் தொட்டுப் பார்க்கட்டும். மிஷின் வேகம் கொடுக்கும். அளவும் பொறுப்பும் நாம் கொடுப்பது. முதல் ஸ்டூலை விற்காமல் குழுக் கூட்டத்திலேயே போட்டு வைத்து, ஒரு வருஷம் எல்லோரும் மாறி மாறி உட்காருங்கள். மழையும் வெயிலும் பார்த்த பிறகும் ஆடாமல் நின்றால், அதைவிட நல்ல விளம்பரம் வேறு வேண்டாம்.